மதுரை வீட்டில் ஆசியப் பாணி ஹால்: தரையிலிருந்து தொடங்குங்கள்

ஆசியப் பாணியில் ஹால் வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு படத்தோடு வருகிறார்கள். தாழ்வான மர மேஜை, பாய், காகித விளக்கு, ஓரத்தில் ஒரு புத்தர் சிலை, கண்ணாடிக் குவளையில் மூங்கில் செடி. படத்தில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக வாங்கி, ஏற்கெனவே இருக்கும் 3+1+1 சோபா செட்டுக்கும் டிவி ஷோகேசுக்கும் நடுவில் வைத்தால் அந்த அறை வராது. வீட்டில் சாமான்தான் கூடும். ஜப்பான், கொரியா, பர்மா, நம் செட்டிநாடு என்று எந்தப் பழைய வீட்டை எடுத்துக்கொண்டாலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். அங்கே மனிதர்கள் தரைக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள்.

உட்காரும் மட்டம் இறங்கினால் கண் மட்டம் இறங்கும். அப்போது விளக்கு, படம், மேஜை, செடி எல்லாம் அதோடு சேர்ந்து இறங்க வேண்டும். மேலே பாதிச் சுவர் சும்மா நிற்கும். அந்தச் சும்மா இருக்கும் இடம்தான் அறைக்கு அமைதி தருகிறது, 10 அடி உயர ஹாலை 12 அடி உயரமாகக் காட்டுகிறது. கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து வருபவை. இதைப் பிடித்துக்கொண்டால் மீதியை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் ஹாலைக் காலி செய்யுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், ஒரு விடுமுறை நாளில் சோபா, டீப்பாய், ஷோகேஸ் எல்லாவற்றையும் பக்கத்து அறைக்குத் தள்ளிவிட்டு வெறும் ஹாலில் பாய் விரித்து உட்காருங்கள். காலையில் கொஞ்ச நேரம், மதியம் சாப்பிட்டபின், பிறகு விளக்கு வைக்கும் நேரத்தில். வெயில் எந்த ஜன்னல் வழியாக எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, தரையிலிருந்து பார்த்தால் கண்ணில் முதலில் படுவது எது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நின்று பார்க்கும்போது தெரியாத பலதும் அப்போது தெரியும்: டிவிக்குக் கீழே தொங்கும் வயர்க் கூட்டம், வாசல் ஓரத்துச் செருப்பு ஸ்டாண்ட், தண்ணீர் கேன், சுவரின் அடியில் ஓதம் ஏறிய கறை. இவற்றைச் சரி செய்வதுதான் உங்கள் முதல் வேலைப் பட்டியல்.

டேப் வைத்து நீள அகலத்தோடு, தரையிலிருந்து ஜன்னல் அடிக்கட்டை எவ்வளவு உயரம் என்பதையும் அளந்துகொள்ளுங்கள். நம் ஊரில் வழக்கமாக 3 அடி வைப்பார்கள். தரையில் உட்கார்ந்தவருக்கு அந்த ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரியும். வீடு இப்போதுதான் கட்டுகிறீர்கள் என்றால் ஹாலின் ஒரு ஜன்னலையாவது ஒன்றரை அடிக்கு இறக்கச் சொல்லுங்கள்; கம்பி மட்டும் நெருக்கமாக இருக்கட்டும், குழந்தைகள் ஏறுவார்கள். கட்டி முடித்த வீடு என்றால் அதை அப்படியே விடுங்கள். அதற்காகச் சுவரை இடிப்பது தேவையில்லாத செலவு.

ஹால் சின்னது என்று கவலைப்பட வேண்டாம். ஜப்பானில் அறையின் அளவையே பாய்க் கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒரு தத்தாமி பாய் சுமாராக 6 அடிக்கு 3 அடி. ‘ஆறு பாய் அறை’ என்றால் ஏறக்குறைய 10 சதுர மீட்டர், நம் கணக்கில் 10க்கு 11 அடி. அங்கே ஒரு குடும்பம் உட்கார்ந்து பேசிச் சாப்பிட அது போதுமான அறை. மதுரையில் அடுக்குமாடி வீட்டு ஹால்கூட அநேகமாக இதைவிடப் பெரியதாகத்தான் இருக்கும்.

எந்த வீட்டின் சாயல் என்று முடிவு செய்யுங்கள்

ஆசியா ஒரு பாணி கிடையாது. சீனத்துச் சிவப்பு விளக்கையும் பாலி முகமூடியையும் ஜப்பானிய விசிறியையும் ஒரே சுவரில் மாட்டினால் அது கடை போலத்தான் தெரியும். ஒன்றைத் தாயாக வைத்துக்கொண்டு, மற்றவற்றிலிருந்து ஒன்றிரண்டு மட்டும் எடுங்கள்.

மதுரைக்காரர்களுக்கு என் சிபாரிசு இரண்டு. ஒன்று, செட்டிநாடும் பர்மாவும் கலந்த சாயல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதின் தொடக்கத்திலும் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் பர்மாத் தேக்கையும் பர்மா அரக்குச் சாமான்களையும் கொண்டுவந்தார்கள். சுவருக்கு ஜப்பானியப் பூ ஓடுகள் வந்தன. கானாடுகாத்தான் வீடுகளில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். ஆசியப் பாணி வீட்டைப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை, மதுரையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கிறது. இந்தச் சாயலில் அடர்ந்த மர நிறம், பித்தளை, பூ ஓடு, அரக்குச் சிவப்பு எல்லாம் வரும். கொஞ்சம் கனமான, செழிப்பான அறை.

இன்னொன்று ஜப்பானிய எளிமை, ஆனால் நம் பொருள்களில். வெளிர் நிறப் பாய், வெள்ளைச் சுவர், பருத்தி, மண்பாண்டம். சின்ன ஹாலுக்கும் வாடகை வீட்டுக்கும் இதுதான் பொருந்தும், செலவும் குறைவு. முதல் முறை செய்கிறவர்கள் இதில் தொடங்குவது நல்லது. கூட்டுவது பிறகு எப்போதும் முடியும்.

புத்தர் சிலை பற்றி ஒரு வார்த்தை. தலை மட்டும் உள்ள சிலையைத் தயவுசெய்து வாங்காதீர்கள். இலங்கையிலும் தாய்லாந்திலும் புத்தர் உருவத்தை அலங்காரப் பொருளாக வைப்பது மனதைப் புண்படுத்தும் காரியம். நம் வீட்டுச் சாமி படத்தை யாராவது கால்படும் இடத்தில் வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? வைக்கத்தான் வேண்டும் என்றால் முழு உருவமாக, உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே வரும் உயரத்தில், சுத்தமான இடத்தில் வையுங்கள்.

தரை

இப்போதுள்ள வீடுகளில் பெரும்பாலும் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ். அதைப் பெயர்க்க வேண்டாம். அறையின் பாதிக்கு மேல் பாய் விரித்தால் பளபளப்பு அடங்கிவிடும். புது வீடு என்றால் எனக்குப் பிடித்தது ரெட் ஆக்சைடு தரை. பாதத்துக்குக் குளிர்ச்சி, வருஷம் போகப் போக மெருகு ஏறும். ஆனால் கை தேர்ந்த கொத்தனார் வேண்டும். அவசரப்பட்டால் மயிரிழை விரிசல் விடும். அவர் முன்பு போட்ட தரை ஒன்றை நேரில் பார்த்துவிட்டு ஒப்பந்தம் பேசுங்கள்.

ஆத்தங்குடி ஓடு வேண்டும் என்பவர்கள் காரைக்குடிப் பக்கம் போய்ப் பட்டறையிலேயே பார்த்து வாங்குங்கள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து நிறச் சிமென்ட் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் இட்டு, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியிலிருந்து விடுபடும்போதே பளபளப்பு வந்துவிடுகிறது, சூளையில் சுடுவதில்லை. அதனால்தான் ஆசிட் அதற்கு எதிரி. பாத்ரூம் கழுவும் திரவத்தையோ எலுமிச்சையையோ அதன் மேல் படவிடக் கூடாது. துடைக்கிற தண்ணீரில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். ஹால் முழுக்கப் பூ ஓடு போட்டால் கண்ணுக்கு ஓய்வு இருக்காது. நடுவில் ஒரு சதுரமோ சுற்றிலும் ஒரு கரையோ போட்டு மீதியை ஒற்றை நிறமாக விடுங்கள்.

பாய்க்கு வருவோம். ஜப்பானிய தத்தாமி என்பது வைக்கோலை அழுத்திச் செய்த கட்டிமேல் கோரை போன்ற ஒரு புல்லை நெய்து போர்த்தியது. தடிமன் இரண்டு இன்ச்சுக்கு மேல். அதை இங்கே வரவழைத்தால் நம் ஊர்க் கரையானுக்குத்தான் விருந்து. நம்மிடம் கோரைப்பாய் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் பத்தமடையில் நெய்கிற பட்டுப்பாய் துணிபோல மடியும், மணமக்கள் பெயரையே அதில் நெய்து கொடுப்பார்கள். அதைக் காலில் மிதிக்க விரிக்காதீர்கள், சுவரில் மாட்டுங்கள். தரைக்குச் சாதாரணக் கோரைப்பாய், கரை மட்டும் நிறம் போட்டதாக, ஒரே அளவில் நாலைந்து வாங்கி விளிம்போடு விளிம்பு சேர்த்து விரியுங்கள். ஒன்று நைந்தால் அதை மட்டும் மாற்றலாம். பாயை மடிக்காமல் சுருட்டுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் இளவெயிலில் காட்டுங்கள். பிளாஸ்டிக் பாய் வேண்டாம். வெயில் காலத்தில் அதன் மேல் உட்கார்ந்தால் உடம்பு வேர்த்து ஒட்டும். விரித்த பலனே இல்லாமல் போகும்.

உட்காரும் இடம்

இங்கேதான் பலரும் தயங்குகிறார்கள், தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அப்பத்தாவுக்கு மூட்டுவலி இருக்கும். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இருவர் கை கொடுக்க வேண்டும். வயதானவரை ஒதுக்கும் ஹால் நம் வீட்டுக்கு ஆகாது.

இரண்டு மட்டமாக அமைத்தால் இந்தச் சிக்கல் தீரும். ஒரு சுவர் நெடுக உள்திண்ணை மாதிரி ஒரு மேடை: உயரம் 15 இன்ச், அகலம் 30 இன்ச், மேலே இலவம்பஞ்சு மெத்தை. உட்கார்ந்து அழுந்தியபின் மொத்தம் 17 இன்ச் நிற்கும். அது நாற்காலி உயரம், முழங்காலுக்குச் சிரமம் இல்லை. எதிர்ப்பக்கம் பாயின் மேல் திண்டுகள். நடுவில் 12 இன்ச் உயரத்தில் மேஜை. தரையில் சம்மணமிட்டவருக்கும் எட்டும், திண்ணையில் இருப்பவரும் காப்பி டம்ளரைக் குனிந்து வைக்கலாம். மேஜை இதைவிட உயர்ந்தால் தரையில் இருப்பவரின் முகத்துக்கு நேரே வந்து பேச்சை மறைக்கும்.

தனி வீட்டில் தரைத்தளம் என்றால் மேடையைச் செங்கல்லில் கட்டி, மேலே கடப்பா கல்லோ ரெட் ஆக்சைடோ போடலாம். மாடியில் அப்படிக் கட்டாதீர்கள். 10 அடி நீளத்துக்கு முழுசாகச் செங்கல் நிரப்பினால் எடை ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். வீடுகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்ற கணக்கில்தான் பொதுவாக வடிவமைக்கிறார்கள். இந்த மேடை அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஏற்றிவிடும். மாடிக்கு மரப்பெட்டி மேடைதான் சரி. உள்ளே போர்வை, தலையணை, கொலு பொம்மைகள் வைக்கவும் இடம் கிடைக்கும்.

மெத்தைக்கு ஸ்பாஞ்ச் வேண்டாம், சூடு பிடிக்கும். போடிப் பக்கத்து இலவம்பஞ்சு மதுரையில் தாராளமாகக் கிடைக்கிறது. கொட்டை நீக்கிய பஞ்சுதானா என்று ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பாருங்கள், விரலில் கடினமாக எதுவும் உருளக் கூடாது. மூன்று இன்ச் மொத்தத்துக்கு, நடுவில் தையல் போட்டுப் பஞ்சு நகராதபடி தைக்கச் சொல்லுங்கள். இலவம்பஞ்சைத் துவைக்க முடியாது. ஆகவே உறை கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை மெத்தை மொட்டைமாடி வெயிலைப் பார்க்க வேண்டும்.

உறைக்கு எங்கள் ஊர்ச் சுங்குடிக்கு மேல் எதைச் சொல்ல? சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கைவேலை அது. துணியை நுனிவிரலில் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்குகிறார்கள். கட்டுப்பட்ட இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கிறது. 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று அச்சில் போட்ட சுங்குடிதான் அதிகம். கையால் கட்டியதா என்று பார்க்கத் துணியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கட்டிய இடத்தில் துணி லேசாகச் சுருங்கி மேடு தட்டியிருக்கும், புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது, சிலது வட்டமாகக்கூட இருக்காது. அச்சடித்ததில் எல்லாம் அளவெடுத்த மாதிரி நிற்கும். ஜப்பானிலும் இதேபோலக் கட்டிச் சாயம் போடும் முறை உண்டு, அதனால் எளிய ஜப்பானிய அறையில் சுங்குடி வேற்றாளாகத் தெரியாது. கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி எடுத்தீர்கள் என்றால் அறையே அமர்ந்துவிடும். சேலைத் துணி மெல்லியது. உள்ளே காடாத் துணியை ஒட்டுக் கொடுத்துத் தையுங்கள். தைக்கும் முன் தனியாக, உப்புத் தண்ணீரில் ஒருமுறை நனைத்து அலசிக் காயவையுங்கள். இல்லாவிட்டால் விருந்தாளியின் வெள்ளை வேட்டியில் சாயம் ஏறும்.

ஊஞ்சல் வைக்க ஆசை என்றால் பலகை முன்னும் பின்னும் ஆட மூன்று மூன்று அடி விடுங்கள். கொக்கி கான்கிரீட் கூரைக்குள் கம்பியோடு பிணைந்திருக்க வேண்டும். பிறகு துளை போட்டு மாட்டுவதாக இருந்தால் இன்ஜினியர் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

வெயிலும் காற்றும் வெளிச்சமும்

சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் இருக்கிறோம். ஜப்பானியப் படத்தில் இருக்கும் காகிதக் கதவை அப்படியே இங்கே வைத்தால் மின்விசிறிக் காற்றில் கிழியும், பல்லியும் புத்தகப் பூச்சியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அதன் வேலை வெயிலை வடிகட்டி மென்மையாக்குவது. அந்த வேலையைக் காடாத் துணி நன்றாகவே செய்யும்.

செய்முறை எளிது, வீட்டிலேயே செய்யலாம். ஜன்னல் அளவுக்கு ஒரு இன்ச் சதுரத் தேக்குச் சட்டத்தில் பிரேம் அடித்து, குறுக்கே இரண்டோ மூன்றோ மெல்லிய சட்டம் கொடுங்கள். வெளுக்காத காடாவைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் காயவிடுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கிவிடட்டும். பிறகு பிரேமைக் கவிழ்த்துப் போட்டுத் துணியை விரித்து, முதலில் நான்கு பக்கத்தின் நடுவிலும் ஒவ்வொரு ஆணி. அடுத்து நடுவிலிருந்து மூலைகளை நோக்கி, ஒரு பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று என்று இழுத்து இழுத்து அடிக்க வேண்டும். மூலையில் தொடங்கினால் துணி கோணிக்கொள்ளும். விரலால் சுண்டினால் மேளத் தோல்போல லேசாக அதிர வேண்டும். மறுநாள் காலை வெயில் அதில் விழும்போது ஹால் முழுக்க ஒரு இளமஞ்சள் வெளிச்சம் பரவும். குறுக்குச் சட்டங்களின் நிழல் பாயில் விழும். அழுக்கானால் ஆணியைப் பிடுங்கித் துவைத்து மறுபடி அடிக்கலாம்.

மேற்கு ஜன்னலுக்கு இது போதாது. சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தபின் திரை போட்டு என்ன பலன்? வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். பங்குனி முதல் ஆனி வரைக்கும் வெட்டிவேர் தட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. பிற்பகலில் தண்ணீர் தெளித்துவிட்டால் காற்று குளிர்ந்து மணத்தோடு வரும்.

மின்விசிறியைப் பற்றி யோசிக்காமல் தரை ஹால் அமைத்தவர்கள் முதல் கோடையிலேயே சோபாவுக்குத் திரும்பிவிடுவார்கள். சீலிங் ஃபேன் காற்று தரைக்கு வரும்போது வேகம் குறைந்துவிடும். ஃபேனை ஓரளவுதான் இறக்க முடியும்; ஆள் நடக்க, கை தூக்க, இறக்கை தரையிலிருந்து குறைந்தது 7 அடிக்கு மேல் இருக்க வேண்டும், 8 அடி நல்லது. கூரை உயரமான வீட்டில் ராடை நீளமாக்கி 8 அடிக்குக் கொண்டுவாருங்கள். அதோடு திண்ணைக்கு எதிரே தாழ்வாக ஒரு ஃபேன் பாயிண்ட் விடுங்கள். பிஎல்டிசி வகை ஃபேன் சுமார் 30 வாட்டில் ஓடும், பழையவை 75 வாட் இழுக்கும்; இரண்டு ஓடினாலும் பழைய ஒன்றின் கரண்ட்தான்.

ராத்திரி வெளிச்சத்துக்குக் கூரையில் இருக்கும் வெள்ளை டியூப் லைட்டை வீட்டுப்பாடத்துக்கும் பூக்கட்டவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாலைக்கு ‘வார்ம் வொயிட்’ பல்பு, பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், மூலைக்கு ஒன்றாக இரண்டு இடத்தில் போதும். மானாமதுரைப் பானையில் துளையிட்டுச் செய்த விளக்குக் கூடுகள் இதற்குப் பொருத்தம், காகித விளக்கைவிடப் பல மடங்கு உழைக்கும். கடம் செய்யப் பேர்போன மண் அது. பானையைத் தட்டிப் பார்த்து, கணீரென்று சத்தம் வந்தால் நன்றாக வெந்தது என்று எடுங்கள்.

சுவரும் மாடமும்

சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை, அல்லது அதற்கு நெருக்கமான மங்கலான வெள்ளை. ஒரு சுவர் மட்டும் மண் நிறமாக இருக்கலாம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகி, கல்லால் தேய்த்து மினுக்கும் செட்டிநாட்டுப் பூச்சு அற்புதமானது. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு, கூலியும் அதிகம். செய்தால் ஒரே ஒரு சுவருக்குச் செய்யுங்கள்.

ஜப்பானிய அறையில் தொக்கோனோமா என்று ஒரு ஒதுக்கிடம் இருக்கும். தரையைவிடச் சற்று உயர்ந்த மேடை, ஒரு படச்சுருள், ஒரு பூச்சாடி, அவ்வளவே. அறைக்குள் வருபவர் கண் அங்கேதான் போய் நிற்கும். நம் பழைய வீட்டு மாடக்குழியும் அதே வேலையைச் செய்தது. ஹாலில் இப்படி ஓர் இடத்தைக் கட்டாயம் ஒதுக்குங்கள். 9 இன்ச் செங்கல் சுவரில் நாலு இன்ச் ஆழத்துக்கு மாடம் வெட்டலாம். தூணிலும் பீமிலும் கை வைக்கக் கூடாது. வெட்ட முடியாவிட்டால் கனமான தேக்குப் பலகை ஒன்றைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் பொருத்தினாலும் போதும். அதில் ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். விளாச்சேரி மண்பொம்மை ஒன்று, அல்லது பித்தளை உருளியில் தண்ணீர் விட்டு ஒரு பிடி மல்லிகை மொட்டு. சாயங்காலம் மொட்டு விரியும் நேரத்துக்கு ஹால் முழுக்க மணக்கும். தண்ணீரைத் தினமும் கொட்டிவிடுங்கள், தேங்கினால் கொசு முட்டை வைக்கும். பித்தளைக்கு மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளும், முன்பு புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளும் இருக்கின்றன.

படம் மாட்டினால் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை, நாலு அடியில் வரட்டும். நின்று பார்க்கும்போது தாழ்வாகத் தெரியும். உட்கார்ந்து பாருங்கள், சரியாக இருக்கும். பொன்சாய் மரத்துக்கு வெயில் வேண்டும், ஹாலுக்குள் பட்டுப்போகும். ‘லக்கி பாம்பூ’ என்று விற்பது மூங்கில் வகையே கிடையாது, டிரசீனா என்ற செடி. அது வெளிச்சம் குறைந்த இடத்திலும் பிழைக்கும்.

மரமும் மூங்கிலும் வாங்கும்போது

புது மரத்தைவிடப் பழைய தேக்கு மேல். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கதவு, தூண், மங்குச் சாமான், அரக்குப் பெட்டி எல்லாம் கிடைக்கும். பழைய கதவு ஒன்றுக்குக் குட்டையான கால் அடித்துவிட்டால் உங்கள் 12 இன்ச் மேஜை தயார். குமிழ், பூ வேலைப்பாட்டின் மேல் கண்ணாடி போட்டால்தான் டம்ளர் நிற்கும். மரத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்ற சத்தம் வந்தாலோ தட்டியதும் மாவு உதிர்ந்தாலோ வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கற்சிலை, உலோகச் சிலை எதையும் காகிதம் இல்லாமல் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை தொல்பொருள் கணக்கில் வரும். எந்தக் கோயிலிலிருந்து போனதோ என்ற பாவம் வேறு.

மூங்கிலில் மாவுச்சத்து இருப்பதால் துளைப்பூச்சி தேடி வரும். கல்மூங்கிலாக, முற்றியதாக, போராக்ஸ் கரைசலில் ஊறவைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். பிரம்புக்கு எதிர்ச் சிக்கல். மதுரைக் கோடையில் காய்ந்து வெடிக்கும், வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

அன்றாட வாழ்க்கைக்கும் இடம் வேண்டும்

டிவியை ஒழிக்கச் சொல்ல மாட்டேன். அதைத் தரைக்கு இறக்குங்கள்: தாழ்வான நீள மரப்பெட்டியின் மேல், வயர் எல்லாம் பெட்டிக்குள். பார்க்காத நேரத்தில் மேலே ஒரு சுங்குடித் துண்டு தொங்கினால் கறுப்புக் கண்ணாடி கண்ணில் படாது. செருப்பு ஸ்டாண்டை வாசலுக்கு வெளியே அல்லது கதவு போட்ட அலமாரிக்குள் அனுப்புங்கள். தரையில் உட்காரும் வீட்டில் செருப்பு கண் மட்டத்தில் இருக்கக் கூடாது. பத்திரிகை வைக்க வருபவர்கள், வேட்டி சரசரக்க வரும் சம்பந்தி வீட்டார் என்று தரையில் உட்காரத் தயங்கும் விருந்தாளிகளுக்காக மடக்கு நாற்காலி நாலு, மேடை ஓரத்தில் சொருகி வையுங்கள். பொங்கலுக்கும் காதுகுத்துக்கும் முப்பது பேர் கூடும்போதுதான் இந்த ஹாலின் அருமை தெரியும். மேஜையைச் சுவரோரம் நகர்த்தி, திண்டுகளை எடுத்துவிட்டால் நேராகப் பந்திப் பாய் போட்டு இலை விரிக்கலாம்.

எந்த வரிசையில் செய்வது

தை, மாசியில் தொடங்குங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் சுண்ணாம்பும் மரமும் காயாது. முதலில் எலக்ட்ரீசியன்: தாழ்வான விளக்குக்கும் ஃபேனுக்கும் பாயிண்ட், டிவி வயர். குழந்தை இருக்கும் வீட்டில் கீழே வரும் சாக்கெட்டுக்கு ஷட்டர் உள்ளதாகப் போடுங்கள். பிறகு ஓதம் பார்ப்பது, மாடம், வெள்ளையடிப்பு. அதன்பின் தரை வேலை இருந்தால் அது, பிறகு ஆசாரி வேலை: மேடை, ஜன்னல் பிரேம். பாயும் மெத்தையும் அதற்கடுத்து. துணியைக் கடைசியில் வாங்குங்கள், கடை வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கால் மீட்டர் வெட்டி வாங்கிவந்து, உங்கள் காடாத் திரை வழியாக வரும் காலை வெளிச்சத்திலும் மாலை பல்பின் கீழும் திண்ணை மேல் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் பிடித்தால் மீதியை வெட்டச் சொல்லுங்கள்.